நிமிர்த்தி எடுத்த படம் ஏன் சாய்ந்து விழுகிறது?

தாத்தா இறந்து ஓராண்டு ஆகிறது. நினைவஞ்சலி அறிவிப்புக்கு ஒரு படம் வேண்டும். தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில், பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட ஒரே ஒரு படம் பாட்டியின் அலமாரியில் இருக்கிறது. பேரன் அதை எடுத்து மேசைமேல் வைத்து, கைப்பேசியைத் தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறான். படம் சாய்ந்து வருகிறது. கைப்பேசியிலேயே ஒரு முறை திருப்பிச் சேமிக்கிறான். இப்போது தாத்தா நேராக நிற்கிறார். மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறான்.

மறுநாள் இணையப் பக்கத்தைத் திறந்தால் தாத்தா பக்கவாட்டில் படுத்திருக்கிறார். பேரனுக்கு வெட்கம். பாட்டிக்கோ வருத்தம். "ஏன்யா, தாத்தாவப் படுக்க வச்சிப் போட்டுருக்காங்க?" என்று கேட்கிறார். படம் போட்டவர்கள் கவனிக்கவில்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். அனுப்பியவர்தான் தவறாக அனுப்பினார் என்று படம் போட்டவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இரு தரப்பினர் திரையிலும் படம் நேராகத்தான் தெரிந்திருக்கக்கூடும்.

இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்வதல்ல. ஆலயத் தேர்த் திருவிழாப் படங்கள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்து, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கும் சான்றிதழ், படிவத்தோடு ஏற்றும் மைகார்ட் படம் என எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் வரும். விளம்பரப் படம் சாய்ந்தால் மனவருத்தத்தோடு போய்விடும். சான்றிதழ் சாய்ந்தால் "தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்புக" என்று திருப்பி அனுப்பப்படலாம். கடைசி நாளில் விண்ணப்பித்தவருக்கு அது பெரிய இழப்பு.

காரணம் தெரிந்தால், இதைச் சரிசெய்ய அரை நிமிடம் போதும்.

கேமராவுக்கு ஒரே பக்கம்தான் மேல்பக்கம்

கைப்பேசியின் கேமராவுக்குள் ஒளியை வாங்கும் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அது நீள்சதுர வடிவம் கொண்டது. கைப்பேசிக்குள் அது நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. நாம் கைப்பேசியை எப்படிப் பிடித்தாலும் அந்தச் சில்லு தன் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே ஒழுங்கில்தான் படத்தைப் படித்துக் கொடுக்கும்.

பெரும்பாலான கைப்பேசிகளில் அந்தச் சில்லு, கைப்பேசியைக் கிடையாகப் பிடிப்பதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. ஆகவே கைப்பேசியைப் படுக்கையாகப் பிடித்து எடுத்தால் எல்லாம் சரி. ஆனால் நம்மில் பெரும்பாலோர் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துத்தான் படம் எடுக்கிறோம். அப்போது கேமராவின் கண்ணுக்கு உலகம் சாய்ந்துதான் தெரிகிறது. நிமிர்ந்து நிற்கும் மணமக்கள் அதற்குப் படுத்திருப்பவர்களாகவே பதிவாகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, 12 மெகாபிக்சல் படம் ஒன்று 4032 புள்ளி அகலமும் 3024 புள்ளி உயரமும் கொண்டிருக்கும். நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கோப்புக்குள் அது பல வேளைகளில் அதே 4032க்கு 3024 என்று அகலப் படமாகவே கிடக்கிறது. உயரப் படமாக அது மாறவே இல்லை.

அப்படியென்றால் கைப்பேசித் திரையில் நேராகத் தெரிவது எப்படி?

பெட்டியின்மேல் ஓர் அம்புக்குறி

கடைக்கு வரும் அட்டைப் பெட்டிகளில் "இந்தப் பக்கம் மேலே" என்று அம்புக்குறி போட்டிருப்பதைப் பார்த்திருப்போம். லாரியில் பெட்டியைப் படுக்கவைத்து ஏற்றினாலும், இறக்குகிறவர் அம்புக்குறியைப் பார்த்து நிமிர்த்தி வைப்பார். அம்புக்குறியைக் கவனிக்காதவர் வந்தபடியே வைத்துவிட்டுப் போவார்.

படக் கோப்பிலும் இதுபோன்ற ஓர் அம்புக்குறி இருக்கிறது. படம் எடுக்கும் நொடியில் கைப்பேசி அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் சில குறிப்புகளை எழுதுகிறது: எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை, ஒளியின் அளவு, சில வேளைகளில் எடுத்த இடம். இந்தக் குறிப்புத் தொகுதிக்கு எக்ஸிஃப் என்று பெயர். ஜப்பானின் மின்னணுத் தொழில்துறைச் சங்கம் ஒன்று 1995இல் இந்த முறையை வகுத்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கேமராக்களும் கைப்பேசிகளும் இதைப் பின்பற்றுகின்றன.

அந்தக் குறிப்புகளில் ஒன்றுதான் திசைக் குறிப்பு. அது வெறும் ஓர் எண். ஒன்று முதல் எட்டு வரை எந்த எண்ணாகவும் இருக்கலாம். அன்றாடப் படங்களில் நாம் சந்திப்பவை நான்குதான்.

எண் 1 என்றால் படம் உள்ளபடியே நேராக இருக்கிறது, எதுவும் செய்ய வேண்டாம்.

எண் 3 என்றால் படம் தலைகீழாக இருக்கிறது, அரை வட்டம் திருப்பிக் காட்டு.

எண் 6 என்றால் கடிகார முள் சுற்றும் திசையில் கால் வட்டம், அதாவது 90 பாகை திருப்பிக் காட்டு.

எண் 8 என்றால் எதிர்த்திசையில் கால் வட்டம் திருப்பிக் காட்டு.

மீதமுள்ள 2, 4, 5, 7 ஆகியவை கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய படங்களுக்கானவை. அவை அரிதாகவே வரும்.

நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் படத்துக்குக் கைப்பேசி வழக்கமாக எழுதும் எண் 6. கேலரி செயலி அந்த எண்ணைப் படித்து, படத்தைக் கால் வட்டம் திருப்பி நமக்குக் காட்டுகிறது. நாம் பார்ப்பது நேரான படம். கோப்புக்குள் இருப்பது சாய்ந்த படமும், அதை எப்படித் திருப்ப வேண்டும் என்ற குறிப்பும். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஏன் அப்போதே திருப்பி வைப்பதில்லை?

கைப்பேசியே படத்தை முழுமையாகத் திருப்பிச் சேமித்துவிட்டால் தொல்லை இல்லையே என்று தோன்றலாம். அதற்கும் காரணம் உண்டு.

மேலே சொன்ன படத்தில் ஒரு கோடியே இருபத்தொரு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. படத்தைத் திருப்புவதென்றால் அத்தனை புள்ளிகளையும் இடம் மாற்ற வேண்டும். திசைக் குறிப்பை எழுதுவதென்றால் ஒரே ஓர் எண்ணை எழுதினால் போதும். இந்த முறை வகுக்கப்பட்ட 1990களில் கேமராக்களின் நினைவகமும் வேகமும் மிகக் குறைவு. ஒரு படம் சேமிக்கப்படும் வரை அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அது. ஆகவே படத்தை வந்தபடியே சேமித்து, திருப்பும் வேலையைக் காட்டும் கருவியிடம் விட்டுவிடுவது நல்ல வழியாகத் தெரிந்தது.

இன்றைய கைப்பேசிகளுக்கு அந்த வேலை பெரிய சுமையல்ல. சில கைப்பேசிகள் படத்தை உண்மையாகவே திருப்பிச் சேமிக்கவும் செய்கின்றன. ஆனால் பழைய வழக்கம் பல கருவிகளில் தொடர்கிறது. அதனால்தான் ஒரே வீட்டில் அண்ணன் அனுப்பும் படம் எப்போதும் நேராகவும், தம்பி அனுப்பும் படம் எப்போதும் சாய்ந்தும் வருகிறது.

குறிப்பைப் படிக்காத இடங்கள்

எல்லாக் கருவிகளும் செயலிகளும் திசைக் குறிப்பைப் படித்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை. படிக்காத ஓர் இடத்தில் படம் மாட்டிக்கொள்ளும்போதுதான் சாய்கிறது. அப்படிப்பட்ட இடங்கள் மூன்று.

முதலாவது, பழைய கணினிகள். விண்டோஸ் 7 காலத்துப் படம் காட்டும் செயலி திசைக் குறிப்பைப் பொருட்படுத்தாது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கான ஆதரவை நிறுத்திவிட்டாலும், சங்க அலுவலகங்களிலும் ஆலய அலுவலகங்களிலும் பழைய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருப்பது புதிதல்ல. அதில் திறந்தால் படம் சாய்ந்திருக்கும். பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகள் குறிப்பைப் படிக்கின்றன.

இரண்டாவது, இணைய உலாவிகள். நெடுங்காலம் கணினி உலாவிகள் பல இதில் விசித்திரமாக நடந்துகொண்டன. படத்தை மட்டும் தனியே திறந்தால் குறிப்பைப் படித்து நேராகக் காட்டும். அதே படம் ஒரு பக்கத்துக்குள் செய்தியோடு வந்தால் குறிப்பைப் படிக்காமல் சாய்த்துக் காட்டும். 2020ஆம் ஆண்டில் குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் ஆகிய மூன்று உலாவிகளும் பக்கத்துக்குள் இருக்கும் படத்துக்கும் குறிப்பைப் படிக்கத் தொடங்கின. உலாவியைப் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத கருவிகளில் பழைய கோளாறு இன்றும் தெரியும்.

மூன்றாவது இடம்தான் இப்போது அதிகத் தொல்லை தருகிறது. அது இணையத்தளத்தின் பின்னால் இருக்கும் கணினி. நாம் ஏற்றும் படம் பெரியது. அதை அப்படியே போட்டால் பக்கம் திறக்க நேரமாகும். ஆகவே தளத்தின் மென்பொருள் அந்தப் படத்திலிருந்து சிறிய பிரதிகளை உருவாக்குகிறது. அப்படி உருவாக்கும்போது சில மென்பொருள்கள் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைப்பகுதிக் குறிப்புகளை விட்டுவிடுகின்றன. பெட்டியிலிருந்த பொருளை வேறு பெட்டிக்கு மாற்றும்போது அம்புக்குறியைப் போட மறந்ததுபோல்தான் இது. புதிய சிறு படத்தில் திசைக் குறிப்பே இல்லை. எவ்வளவு புதிய உலாவியாக இருந்தாலும் அதை நேராகக் காட்ட வழியில்லை.

முகப்பில் சிறிதாக வரும் படம் சாய்ந்தும், அதைத் தட்டிப் பெரிதாக்கினால் நேராகவும் தெரிந்தால், நடந்தது இதுதான் என்று அறிந்துகொள்ளலாம்.

மேசைமேல் வைத்து எடுக்கும் படம்

சான்றிதழ், மைகார்ட், பழைய படம் ஆகிய மூன்றும் மற்றப் படங்களைவிட அடிக்கடி சாய்வதற்குத் தனிக் காரணம் உண்டு.

கைப்பேசி எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பதை அதற்குள் இருக்கும் ஓர் உணரி கண்டுபிடிக்கிறது. பூமியின் ஈர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறது என்று பார்த்து, கீழ்ப்பக்கம் எது, மேல்பக்கம் எது என்று அது முடிவு செய்கிறது. கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்திருக்கும்போது இது தவறாமல் நடக்கும்.

மேசைமேல் ஒரு தாளை வைத்து, கைப்பேசியைத் தரைக்கு இணையாகப் பிடித்துக் கீழ்நோக்கிப் படம் எடுக்கும்போது நிலைமை மாறுகிறது. இப்போது ஈர்ப்பு கைப்பேசியின் முதுகுப் பக்கமாக இழுக்கிறது. இடம், வலம், மேல், கீழ் என்ற நான்கு ஓரங்களில் எந்த ஓரமும் தாழ்ந்திருக்கவில்லை. உணரிக்கு முடிவெடுக்கச் சான்று இல்லை. ஆகவே கைப்பேசி கடைசியாக இருந்த நிலையையே எடுத்துக்கொள்கிறது, அல்லது கை சற்றுச் சாய்ந்த பக்கத்தைக் கீழ்ப்பக்கம் என்று கருதிவிடுகிறது. அதற்கு முன் படுக்கையாகப் பிடித்துக் காணொளி பார்த்திருந்தால், படமும் அந்தத் திசைக் குறிப்போடு பதிவாகலாம்.

தாத்தாவின் படத்துக்கு முதலில் நேர்ந்தது இதுதான்.

இதைத் தவிர்ப்பது எளிது. கேமராவைத் திறந்ததும் கைப்பேசியை ஒரு முறை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடியுங்கள். பிறகு மெதுவாகக் கீழ்நோக்கிச் சாயுங்கள். பல கைப்பேசிகளில் திரையில் உள்ள மின்னல் குறி, கடிகாரக் குறி போன்ற சிறு சின்னங்கள் கைப்பேசி நினைக்கும் திசைக்கேற்பத் திரும்பும். அந்தச் சின்னங்கள் உங்களுக்கு நேராக நின்றால் திசை சரி. அவை பக்கவாட்டில் படுத்திருந்தால் மறுபடியும் நிமிர்த்திப் பிடித்துத் தொடங்குங்கள்.

இன்னும் நல்ல வழி, படத்தைச் சுவரோரம் சாய்த்து நிற்கவைத்து நேராக எடுப்பது. கைப்பேசியின் நிழலும் படத்தின்மேல் விழாது.

திருப்பியும் திரும்பாத மாயம்

பேரன் படத்தைத் திருப்பித்தானே அனுப்பினான், பிறகும் ஏன் சாய்ந்தது?

சில கேலரி செயலிகள் "ரொட்டேட்" பொத்தானை அழுத்தியதும் படத்தின் புள்ளிகளைத் திருப்புவதில்லை. தலைப்பகுதியில் உள்ள எண்ணை மட்டும் மாற்றி எழுதுகின்றன. 1 இருந்த இடத்தில் 6 என்று எழுதினால் அந்தக் கைப்பேசியில் படம் நேராகிவிடும். ஆனால் எண்ணைப் படிக்காத தளத்துக்குப் போனால், உள்ளே இருக்கும் பழைய சாய்ந்த படமே வெளிவரும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. ஒரு மென்பொருள் புள்ளிகளைச் சரியாகத் திருப்பிவிடுகிறது. ஆனால் எண் 6 என்ற பழைய குறிப்பை அழித்து 1 என்று எழுத மறந்துவிடுகிறது. அடுத்துப் படத்தைக் காட்டும் கருவி அந்த 6ஐப் பார்த்து, ஏற்கெனவே நேராக இருக்கும் படத்தை இன்னொரு கால் வட்டம் திருப்பிவிடுகிறது. இதனால்தான் சிலர் எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் படம் வேறு வேறு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். புள்ளிகள் உண்மையாகவே நேராக இருக்கும் புதிய பிரதி ஒன்றை உருவாக்க வேண்டும். அதற்குக் குறிப்பின் உதவியே தேவைப்படாது.

கைப்பேசியிலேயே சரிசெய்யும் முறை

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் படத்தைத் திறந்து "எடிட்" என்பதைத் தட்டுங்கள். சில கைப்பேசிகளில் அதற்குப் பென்சில் சின்னம் இருக்கும். பிறகு "குரோப்" பகுதிக்குச் செல்லுங்கள். படம் சாய்ந்திருந்தால் திருப்பும் சின்னத்தைத் தட்டி நேராக்குங்கள். அதோடு நிறுத்த வேண்டாம். ஓரத்தில் நூலளவு உள்ளே இழுத்து வெட்டுங்கள். பிறகு "சேவ் காப்பி" கொடுத்துப் புதிய பிரதியாகச் சேமியுங்கள். ஓரம் வெட்டப்பட்டதால் செயலி படத்தைப் புதிதாக எழுதியே ஆக வேண்டும். எண்ணை மட்டும் மாற்றித் தப்பிக்க அதற்கு வழியில்லை.

ஐஃபோனிலும் இதே முறைதான். "எடிட்" தட்டி, வெட்டும் சின்னத்துக்குச் சென்று, திருப்பி, ஓரத்தைச் சிறிது வெட்டி, "டன்" கொடுங்கள். ஐஃபோனில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் ஐஓஎஸ் 11 முதல் அந்தக் கைப்பேசிகள் ஹெச்இஐசி என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. சில தளங்கள் அந்த வகையை ஏற்பதில்லை. வேறு வகைக்கு மாற்றும்போதும் திசை குழம்பலாம். அடிக்கடி படிவங்களுக்குப் படம் ஏற்றுகிறவர்கள் "செட்டிங்ஸ்", "கேமரா", "ஃபார்மட்ஸ்" என்று சென்று "மோஸ்ட் கம்பேட்டிபள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், இனி எடுக்கும் படங்கள் எங்கும் திறக்கும் ஜேபெக் வகையில் பதிவாகும்.

மிகவும் அவசரமென்றால் படத்தைத் திரையில் நேராக வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டி அனுப்பலாம். கண்ணுக்குத் தெரிவது அப்படியே பதிவாகும். ஆனால் தெளிவு குறையும். வாழ்த்துப் படத்துக்கு இது போதும். எழுத்துகளைப் படிக்க வேண்டிய சான்றிதழுக்கும், அச்சில் வரவேண்டிய படத்துக்கும் இது ஏற்றதல்ல.

சான்றிதழ்களுக்குக் கேமராவைவிடக் கைப்பேசியின் ஸ்கேன் வசதி நல்லது. ஐஃபோனில் "நோட்ஸ்" செயலியிலும் ஆண்ட்ராய்டில் "கூகிள் டிரைவ்" செயலியிலும் அந்த வசதி இருக்கிறது. தாளின் நான்கு ஓரங்களையும் அது கண்டுபிடித்துத் தரும். சேமிக்கும் முன் நேராக்கிக்கொள்ளலாம்.

புலனம் வழி அனுப்பினால்

"புலனத்தில் அனுப்பினால் மட்டும் படம் நேராக வருகிறதே" என்று பலர் கேட்பதுண்டு. அது உண்மைதான். புலனம், அதாவது வாட்ஸ்அப், படத்தைச் சாதாரணமாக அனுப்பும்போது அதைச் சிறிதாக்கிப் புதிதாக எழுதுகிறது. அப்போதே புள்ளிகளை நேராக்கி, குறிப்புகளை நீக்கிவிடுகிறது. அப்படி வந்த படம் வேறு எங்கும் சாயாது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. படத்தின் அளவும் தெளிவும் குறைகின்றன. கைப்பேசித் திரையில் அழகாகத் தெரியும் அந்தப் படம், மலரிலோ பதாகையிலோ பெரிதாக அச்சாகும்போது மங்கிவிடும். தெளிவு கெடாமல் இருக்க அதே புலனத்தில் "டாக்குமெண்ட்" ஆக அனுப்பலாம். அப்போது கோப்பு எந்த மாற்றமும் இல்லாமல் போகும். சாய்ந்த படமும் திசைக் குறிப்பும் சேர்ந்தே போகும். ஆகவே முதலில் கைப்பேசியில் நேராக்கிப் புதிய பிரதி எடுத்து, பிறகு அதை டாக்குமெண்டாக அனுப்புவதே சரியான வரிசை.

கணினியில் சரிசெய்யும் முறை

திருவிழா முடிந்து நூறு படங்களை ஒன்றாகச் சரிசெய்ய வேண்டிய ஆலயச் செயலாளருக்கும், பள்ளி ஆண்டுமலர் தயாரிக்கும் ஆசிரியருக்கும் கைப்பேசி வழி சரிவராது. கணினிதான் வசதி.

இர்ஃபான்வியூ என்ற மென்பொருளை வீட்டுப் பயனுக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதில் ஜேபெக் படத்தைத் தெளிவு குறையாமல் திருப்பும் வசதி இருக்கிறது. திசைக் குறிப்பைப் படித்துத் தானாகவே நேராக்கும் தேர்வும் அதில் உண்டு. கிம்ப் என்ற இன்னோர் இலவச மென்பொருளில் திசைக் குறிப்புள்ள படத்தைத் திறந்தால், படத்தைத் திருப்பட்டுமா என்று அதுவே கேட்கும். சரி என்று சொல்லி, ஜேபெக் படமாக ஏற்றுமதி செய்தால் போதும்.

தெளிவு குறையாமல் திருப்புவது என்பதை இங்கே விளக்க வேண்டும். ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. சுருக்கும்போது கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்கள் சில விடுபடுகின்றன. ஒரு படத்தைத் திறந்து திருப்பிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடியும் சுருக்கம் நடக்கிறது. ஒரு முறை என்றால் வேறுபாடு தெரியாது. பத்து முறை என்றால் முகத்தில் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். சில மென்பொருள்கள் மட்டும் அந்தக் கட்டங்களைக் கலைக்காமல் இடம் மாற்றி அடுக்குகின்றன. அப்போது தெளிவு குறைவதில்லை.

எந்த முறையைப் பின்பற்றினாலும் முதலில் எடுத்த மூலப் படத்தை அழிக்காதீர்கள். திருத்தங்களைப் பிரதியில் செய்யுங்கள்.

தளம் நடத்துகிறவர்களுக்கு

சங்கங்களும் ஆலயங்களும் பள்ளிகளும் இப்போது சொந்தமாக இணையப் பக்கம் நடத்துகின்றன. படம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் இதைத் தெரிந்துவைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தளமே சரிசெய்துகொள்ள வேண்டும்.

வரிசை இதுதான்: படம் வந்ததும் முதலில் திசைக் குறிப்பைப் படிக்க வேண்டும். அதன்படி புள்ளிகளைத் திருப்ப வேண்டும். எண்ணை 1 என்று மாற்றி எழுத வேண்டும். அதன் பிறகே சிறு பிரதிகளை உருவாக்க வேண்டும். இந்த வரிசை மாறினால்தான் படங்கள் சாய்கின்றன. வேர்ட்பிரஸ் 2019 நவம்பரில் வெளிவந்த 5.3 பதிப்பிலிருந்து இதைத் தானாகச் செய்கிறது. அதற்கு முந்திய பதிப்பில் ஓடும் தளங்களைப் புதுப்பிப்பது நல்லது. தனியாக மென்பொருள் எழுதியிருந்தால், இமேஜ்மேஜிக் போன்ற கருவிகளில் இதற்கென்றே ஆட்டோ ஓரியண்ட் என்ற கட்டளை இருக்கிறது. தளத்தை அமைத்தவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

உடன் போகும் வீட்டு முகவரி

தலைப்பகுதிக் குறிப்புகளைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. இருப்பிட வசதி திறந்திருக்கும் கைப்பேசியில் எடுத்த படத்தில், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகலாம். வீட்டு வாசலில் எடுத்த பிள்ளையின் படத்தை மின்னஞ்சலிலோ டாக்குமெண்டாகவோ அனுப்பினால், வீடு இருக்கும் இடமும் அதோடு போகிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் வரைபடத்தில் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

கேமரா செயலியின் அமைப்பில் இருப்பிடக் குறிப்பை நிறுத்திவைக்கலாம். ஐஃபோனில் படத்தைப் பகிரும்போது மேலே தெரியும் "ஆப்ஷன்ஸ்" பகுதியில் இருப்பிடத்தை நீக்கிவிட்டு அனுப்பலாம். பிள்ளைகளின் படங்களைப் பொது இடத்தில் பகிர்கிறவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

பழைய படம் வைத்திருப்பவர்களுக்கு

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மூடப்பட்டு, குடும்பங்கள் பட்டணங்களுக்கு இடம் பெயர்ந்தபோது பல வீடுகளில் எஞ்சியது சில படங்கள்தான். அவற்றுக்கு நெகட்டிவும் இல்லை, வேறு பிரதியும் இல்லை. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அவற்றுக்கு இரண்டாம் உயிர். ஆகவே அதைச் சற்றுப் பொறுமையாகச் செய்யலாம்.

முடிந்தால் படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் இழுக்க வேண்டாம், அப்படியே எடுங்கள். பகல் வெளிச்சம் வரும் சன்னலருகே, நேர் வெயில் படாத இடத்தில் நிற்கவையுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், பளபளப்பு முகத்தை மறைத்துவிடும். படத்தின் பின்புறத்தையும் தவறாமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ, யாரோ எழுதிவைத்த தேதியோ, பெயரோ அங்கேதான் இருக்கும். பிறகு நேராக்கி, ஓரம் வெட்டி, புதிய பிரதியாகச் சேமியுங்கள். மூலப் படத்தையும் பிரதியையும் வேறு வேறு இடங்களில் வைத்திருங்கள்.

அனுப்பும் முன் கடைசியாக ஒரு சோதனை. அந்தப் படத்தை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி, வேறு ஒரு கருவியில் திறந்து பாருங்கள். பழைய கணினி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கேயும் நேராக நின்றால் எங்கேயும் பெரும்பாலும் நேராக நிற்கும்.

அடுத்த ஆண்டு நினைவஞ்சலிக்குப் பேரன் அதே படத்தை மறுபடியும் அனுப்புவான். இம்முறை ஓரத்தில் நூலளவு வெட்டி, புதிய பிரதியாகச் சேமித்து அனுப்பினால் போதும். பாட்டி பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும்போது, ஸ்டூடியோவில் நின்றதுபோலவே தாத்தா நிமிர்ந்து நிற்பார்.